காவோலையும் குருத்தோலையும்: சாக மறந்த கலங்களின் வரலாறு



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்காக மட்டும் இதை நாங்கள் எழுதவில்லை. வெற்றிலை போடும் அப்பாச்சிக்கும், ஆறாம் வகுப்பில் மகள் படிக்கும் தாய்க்கும், வாயில் ஒரு புண் மாதக்கணக்காக மாறாமல் இருந்தும் ஒருவருக்கும் சொல்லாமல் திரியும் மாமாவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். வயது போனவர்களைப் பார்த்து இளசுகள் சிரிக்கக் கூடாது, நாளைக்கு உனக்கும் இதே கதிதான் என்பது அதன் பொருள். ஆனால் பழுத்த ஓலை ஒன்றுமே விழாமல், வட்டு நிறைய அப்படியே நின்றால் மரம் என்ன ஆகும்? குருத்துக்கு இடமும் இராது, வெளிச்சமும் இராது. விழுவதும் மரத்தின் உயிரோடு சேர்ந்த வேலைதான்.

நம் உடம்பிலும் இதேதான் நடக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்கு 5,000 கோடிக்கும் மேற்பட்ட கலங்கள் சாகின்றன. (நமது பாடப்புத்தகத்தில் கலம் என்பதைத் தமிழ்நாட்டில் செல் என்றும் உயிரணு என்றும் சொல்வார்கள்.) இந்தப் பதிவை வாசித்து முடிப்பதற்குள் உங்கள் குடலின் உட்சுவரிலும் தோலிலும் குருதியிலும் பல கோடிக் கலங்கள் தம் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கும். நமக்கு நோவதில்லை, காய்ச்சல் வருவதில்லை, ஒன்றும் தெரிவதுமில்லை. மௌத்தைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் "தவணை" என்ற சொல்லைப் பாவிப்பார்கள். கலத்துக்கும் ஒரு தவணை உண்டு. அதை மனிதன் கண்டுபிடித்த கதையும், அந்தத் தவணை குழம்பினால் வரும் நோய்களின் கதையும், அதில் நமது யாழ்ப்பாணத்துக்கு இருக்கும் பங்கும்தான் இந்தப் பதிவு.

இரண்டு விதமான சாவு

கொதிநீர் கையில் ஊற்றுப்பட்டால் அந்த இடத்துக் கலங்கள் சாகின்றன. அது விபத்துச் சாவு. கலம் வீங்கி, வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே சிந்தும். சிந்தியது பக்கத்தில் உள்ளவற்றையும் தாக்கும். சிவக்கும், வீங்கும், எரியும்.

மற்றது ஒழுங்கான சாவு. "உன் வேலை முடிந்தது" என்ற செய்தி வெளியிலிருந்து வரலாம். அல்லது "நான் திருத்த முடியாதபடி பழுதாகிவிட்டேன்" என்று கலமே உள்ளுக்குள் கண்டுகொள்ளலாம். அப்போது கலம் சுருங்குகிறது. தன் டி.என்.ஏ.யைத் தானே துண்டு துண்டாக வெட்டுகிறது. பிறகு தன்னைச் சின்னச் சின்னப் பொதிகளாகக் கட்டிக்கொள்கிறது. அயலில் உள்ள கலங்கள் அந்தப் பொதிகளை விழுங்கி, உள்ளே இருப்பதை மறுபடி பாவிக்கின்றன. ஒரு சொட்டும் வெளியே சிந்துவதில்லை.

தாயின் வயிற்றில் நம் கை முதலில் துடுப்புப் போலத்தான் உருவாகிறது. விரல்களுக்கு நடுவே இருந்த கலங்கள் தம் நேரத்தில் செத்துப்போனபடியால்தான் இன்று நாம் பேனை பிடிக்கிறோம், குர்ஆனின் பக்கத்தைப் புரட்டுகிறோம், வெங்காயத்துக்குக் களை பிடுங்குகிறோம். மாரியில் வெள்ளம் நிற்கும் வயலில் வாற்பேத்தை தவளையாகும்போது வால் அறுந்து விழுவதில்லை. வாலின் கலங்கள் ஒழுங்காகச் செத்து, உடம்புக்குள்ளேயே சேர்ந்துவிடுகின்றன.

முதலில் கண்டவரும், மணிப்பாயில் எழுதப்பட்ட புத்தகங்களும்

உயிர்கள் எல்லாம் கலங்களால் ஆனவை என்று ஜேர்மனியில் ஷ்லைடனும் ஷ்வானும் சொன்னது 1838, 1839 ஆம் ஆண்டுகளில். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1842 இல், கார்ல் ஃபோக்ட் என்ற ஆய்வாளர் ஒருவகைத் தேரையின் வாற்பேத்தையை ஆராயும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் உடம்பிலேயே சில கலங்கள் அழிந்து மறைவதைக் கண்டார். வளர்ச்சிக்கு நடுவே சாவு. கண்டதை எழுதினார். ஆனால் அதற்கு ஒரு பெயர் இருக்கவில்லை. பெயர் இல்லாத ஒன்றை உலகம் நினைவில் வைத்திருப்பதில்லை.

அதே காலத்தில் நம் மண்ணில் நடந்ததையும் சொல்லவேண்டும். 1847 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மணிப்பாயில் வைத்தியசாலையை நடத்தத் தொடங்கி, நம் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். புத்தகம் இல்லாமல் எப்படிக் கற்பிப்பது? தம் மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். 1867 இல் அறுவை வைத்தியத்துக்கு "இரண வைத்தியம்", 1872 இல் உடற்கூற்றுக்கு "மனுஷ அங்காதிபாதம்", 1875 இல் இரசாயனத்துக்கு "கெமிஸ்தம்" என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தமிழில் சொல் இருந்தால் எடுத்தார்கள். இல்லாவிட்டால் உண்டாக்கினார்கள். வேறெந்த ஊரிலும் ஒருவர் தமிழில் டொக்டராகப் படிக்க முடியாத காலத்தில் மணிப்பாயில் அது முடிந்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "இந்த விஞ்ஞானமெல்லாம் வெள்ளைக்காரனின் விசயம், எங்களுக்கு விளங்காது" என்று சொல்பவர்களை இன்றும் காண்கிறோம். இந்தக் குடாநாட்டில் 150 ஆண்டுகளுக்கு முன்பே இது தமிழில் படிக்கப்பட்டது. விளங்காமல் போவதற்கு நியாயமே இல்லை.

ஒரு சொல் பிறந்த கதை

ஃபோக்ட் கண்டதை அவ்வப்போது வேறு சிலரும் கண்டார்கள், எழுதினார்கள், அதுவும் மறக்கப்பட்டது. வைத்தியத்தின் கவனமெல்லாம் கலம் எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பெருகுகிறது என்பதிலேயே இருந்தது. சாவு என்றால் அது தோல்வி, அதில் படிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

1964 இல் அமெரிக்காவில் றிச்சட் லொக்ஷின் என்ற இளைஞர், தம் ஆசிரியர் கரோல் வில்லியம்சுடன் சேர்ந்து பட்டுப்பூச்சி இனத்தைச் சேர்ந்த ஒரு பூச்சியை ஆராய்ந்தார். கூட்டை உடைத்து வெளியே வருவதற்கு அதற்குச் சில தசைகள் வேண்டும். வெளியே வந்ததும் அவற்றால் பயனில்லை. மிகக் குறுகிய நேரத்துக்குள் அந்தத் தசைகள் செத்துவிடுகின்றன. முன்கூட்டியே எழுதிவைத்த நிகழ்ச்சிநிரல் போல இது நடப்பதால் "திட்டமிட்ட கல இறப்பு" என்று அவர்கள் அழைத்தார்கள்.

அதே காலத்தில் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரைச் சேர்ந்த ஜோன் கெர், எலியின் ஈரலுக்குப் போகும் இரத்தக் குழாயின் ஒரு கிளையைக் கட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சில கலங்கள் எதிர்பார்த்தபடி வீங்கி வெடித்தன. சில மட்டும் சத்தமில்லாமல் சுருங்கி, துண்டாகி, மறைந்தன. நோயில்லாத ஈரலிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அதே காட்சி. இது நோயின் வேலையாக மட்டும் இருக்க முடியாது என்று அவருக்கு விளங்கியது. பிறகு ஸ்கொட்லாந்தின் அபடீன் பல்கலைக்கழகத்துக்குப் போய், அலஸ்டெயர் கறி, அன்ட்றூ வைலி ஆகியோருடன் சேர்ந்து வேலை செய்தார்.

மூவரும் தாங்கள் கண்டதற்குப் பெயர் தேடினார்கள். அதே பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் ஜேம்ஸ் கோமக்கிடம் கேட்டார்கள். அவர் எடுத்துக்கொடுத்த சொல் "அப்போப்டோசிஸ்". மரத்திலிருந்து இலை உதிர்வதையும், பூவிலிருந்து இதழ் உதிர்வதையும் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல் அது. 1972 இல் பிரித்தானியப் புற்றுநோய் சஞ்சிகை ஒன்றில் அவர்கள் கட்டுரை வந்தது. மணிப்பாயில் "மனுஷ அங்காதிபாதம்" வந்து சரியாக நூறு ஆண்டுகள்.

அவர்களுக்குக் கிரேக்கத்து இலை கிடைத்தது. நம்மிடம் கேட்டிருந்தால் காவோலையைக் காட்டியிருப்போம். ஓர் இலை உதிர்வதும் இறைவனின் அறிவுக்கு வெளியே இல்லை என்று நம்பும் எங்களுக்கு அந்தப் பெயர் மிகப் பொருத்தமாகவே படுகிறது.

131 கலங்கள்

பெயர் வந்தும் பல ஆண்டுகள் பெரிதாக எவரும் கண்டுகொள்ளவில்லை. நிலைமையை மாற்றியது ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள புழு. மண்ணில் வாழ்வது, கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் சிட்னி பிறெனர் இந்தப் புழுவை ஆய்வுக்கு எடுத்தார். ஜோன் சல்ஸ்டன் நுணுக்குக்காட்டியின் முன்னால் மணிக்கணக்காக இருந்து, முட்டையிலிருந்து முழுப் புழுவாகும்வரை ஒவ்வொரு கலமும் எங்கே பிறந்து எங்கே போகிறது என்று வரைந்தார்.

அந்தப் புழு வளரும்போது 1,090 உடற்கலங்கள் உண்டாகின்றன. வளர்ந்த புழுவில் இருப்பது 959. மிச்சம் 131 கலங்களும் செத்துப்போகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131 கலங்கள், அதே இடத்தில், அதே நேரத்தில். தற்செயல் இப்படி நடக்காது. அமெரிக்காவில் றொபர்ட் ஹோர்விட்ஸ் அந்தக் கட்டளையைக் கொடுக்கும் பரம்பரை அலகுகளைக் கண்டுபிடித்தார். அவற்றில் ஒன்றைப் பழுதாக்கினால் அந்த 131 கலங்களும் சாகாமல் நின்றன. பிறகு தேடிப் பார்த்தபோது அதே வகையான அலகுகள் மனிதரிடமும் இருந்தன. 2002 இல் மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நடுவில் 1988 இல் மெல்பேணில் டேவிட் வோக்ஸும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு நமக்கு மிக முக்கியம். ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் அளவுக்கு மீறி வேலை செய்யும் ஒரு பரம்பரை அலகை அவர்கள் ஆராய்ந்தார்கள். அது கலங்களை வேகமாகப் பெருக வைக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்படி இல்லை. அது கலங்களைச் சாகவிடாமல் தடுத்தது. அதுவரை புற்றுநோய் என்றால் பிறப்பு கூடிப்போன நோய் என்று நினைத்திருந்தவர்களுக்கு, அது சாவு குறைந்துபோன நோயும்தான் என்பது அன்று தெளிவாயிற்று.

கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய்

சாகக் கூடாத கலங்கள் செத்தால் ஒருவகை நோய். பார்க்கின்சன் நோயில் மூளையின் ஒரு பகுதியில் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. சிறுவர்களுக்கு வரும் முதல் வகை நீரிழிவில், இன்சுலின் சுரக்கும் கலங்களை உடம்பின் காவற்படையே சாகடிக்கிறது. பாரிசவாதத்தில் இரத்தம் தடைப்பட்ட இடத்தின் நடுப்பகுதி உடனே சாகிறது. சுற்றியுள்ள பகுதி மணித்தியாலக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. வாய் கோணி, கை சோர்ந்தால் "விடியட்டும் பார்ப்போம்" என்று வைத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று சொல்வது அந்தச் சுற்றுப் பகுதியைக் காப்பாற்றத்தான்.

சாகவேண்டிய கலங்கள் சாகாவிட்டால் வருவது மறுவகை. அதில் தலையாயது புற்றுநோய்.

ஒவ்வொரு கலத்திலும் பி53 என்று ஒரு புரதம் உண்டு. 1979 இல் கண்டுபிடிக்கப்பட்டது. டி.என்.ஏ. பழுதுபட்டால் அது கலத்தின் பெருக்கத்தை நிறுத்தும். திருத்த முடிந்தால் திருத்தச் சொல்லும். முடியாவிட்டால் சாகச் சொல்லும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ அரைவாசியில் இந்தப் பி53 பழுதாகியிருக்கிறது. அவ்வளவு பெரிய உடம்பு வைத்திருக்கும் யானைக்குப் புற்றுநோய் அரிதாகத்தான் வரும். நம்மிடம் பி53க்கான அலகு ஒரு சோடி. யானையிடம் இருபது சோடி வரை இருப்பது 2015 இல் தெரியவந்தது. பழுதான கலத்தை யானையின் உடம்பு தயவுதாட்சண்யம் பார்க்காமல் அனுப்பிவைக்கிறது.

நம் செம்மண்ணும் நம் வாயும்

இனி வீட்டுக்குள் வருவோம். வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை செய்யாத பரம்பரை உண்டா? ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பல் ஏறியது. கல்வீடு கட்டியதும், பிள்ளைகளைப் படிப்பித்ததும், சீதனம் கொடுத்ததும் எத்தனையோ குடும்பங்களில் அந்தக் காசில்தான். சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுருட்டுச் சுற்றினார்கள். உழைத்தவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்தப் பயிர் என்ன செய்யும் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்து கன்னத்துக்குள் மணிக்கணக்காகக் கிடக்கும்போது நடப்பது இதுதான். சுண்ணாம்பின் காரத்தில் பாக்கிலிருந்து கலங்களைத் தாக்கும் பொருட்கள் பிறக்கின்றன. புகையிலையிலும் பாக்கிலும் உள்ள சில சேர்வைகள் வாயின் உட்தோலில் உள்ள கலங்களின் டி.என்.ஏ.யைக் காயப்படுத்துகின்றன. பெரும்பாலான கலங்கள் தம் கடமையைச் செய்து செத்துவிடும். இருபது, முப்பது வருடம் ஒரே இடத்தில் ஒரே காயம் பட்டுக்கொண்டிருந்தால், ஒருநாள் ஒரு கலத்தில் பி53 அலகே காயப்படும். அந்தக் கலத்துக்குச் சாகச் சொல்ல ஆளில்லை. அது பெருகும்.

"நாங்கள் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்பவர்களுக்கும் ஒரு செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைக் கூறும், பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிப்படுத்தியது. நமது நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் நீண்டகாலமாக வாய்ப் புற்றுநோய்தான். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தட்டம் நீட்டுவது மரியாதை என்று வைத்திருக்கிறோம். எங்கள் ஆட்களும் இதில் விதிவிலக்கில்லை. விருந்து முடிந்ததும் பீடா தேடாத கலியாணம் குறைவு. இப்போது பாபுல், மாவா என்ற பெயர்களில் இளம் பிள்ளைகளின் கைக்கும் வந்துவிட்டது. 2016 இல் புகையற்ற புகையிலைப் பொருட்கள் நாட்டில் தடைசெய்யப்பட்டன. சட்டம் இருந்தும் பொருள் கிடைக்கிறது என்றால், வாங்குகிற கை நம் வீட்டில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆறாம் வகுப்புத் தாய்மாருக்கு

இன்னொரு புற்றுநோயிலும் பி53 தான் பலியாகிறது, வேறு வழியில். பெண்களுக்குக் கருப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்ற வைரசுதான் காரணம் என்று காட்டிய ஜேர்மன் ஆய்வாளர் ஹரால்ட் ட்சுவர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரசு தன் புரதம் ஒன்றை அனுப்பி, கலத்தின் பி53 ஐப் பிடித்து அழித்துவிடுகிறது. வீட்டுக்குள் புகுந்த கள்ளன் முதலில் நாயைக் கொல்வது மாதிரி. பிறகு அந்தக் கலம் எவ்வளவு கெட்டாலும் சாகாது.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017 முதல் நமது நாட்டில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் சம்மதப் படிவம் வீட்டுக்குப் போய், சில படிவங்கள் கையெழுத்தில்லாமல் திரும்பி வருகின்றன. "பிள்ளை பெறாமல் பண்ணிவிடும்" என்று யாரோ குரல்பதிவு அனுப்பினார்களாம். அந்த ஊசியில் உயிருள்ள வைரசு இல்லை. வைரசின் வெறும் கோதைப் போன்ற ஒரு புரதம்தான் இருக்கிறது. உடம்பின் காவற்படை அதைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அது பிள்ளைப்பேற்றைத் தடுப்பதில்லை. எந்தச் சமயத்தவராக இருந்தாலும் தாய்மாரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே: படிவத்தை வாசியுங்கள். சந்தேகம் இருந்தால் குடும்பநல மாதுவிடம், டொக்டரிடம் கேளுங்கள். குரல்பதிவிடம் கேட்காதீர்கள்.

பட்டிப்பூவும் கருஞ்சீரகமும்

வைத்தியத்தின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. மருந்து முதலில் வந்துவிடும், விளக்கம் பிந்தி வரும். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954 இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. கதிர்வீச்சு புற்றுக் கலங்களை அழிக்கும் என்று அன்று தெரியும். அந்தக் கதிர் பல கலங்களில் செய்வது, டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தி, கலம் தானாகவே சாகும் பழைய கட்டளையைத் தட்டி எழுப்புவதுதான் என்பது பிறகுதான் விளங்கியது.

பட்டிப்பூவின் கதையும் அப்படித்தான். நம் வளவிலும் மயானத்திலும் மையவாடியிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் அதே நித்தியகல்யாணி. ஜமேக்காவில் அதன் இலையை நீரிழிவுக்கு அவித்துக் குடித்தார்கள். அந்த இலை கனடாவில் றொபர்ட் நோபிள் என்பவரின் ஆய்வுகூடத்துக்குப் போனது. எலிகளின் குருதியில் சீனி குறையவில்லை, ஆனால் வெண்குழியங்கள் குறைந்தன. அதைப் பிடித்துக்கொண்டு 1958 இல் அவரும் சார்ள்ஸ் பியரும் வின்பிளாஸ்டீன் என்ற மருந்தைப் பிரித்தார்கள். பிறகு அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டீன் வந்தது. பிரிந்துகொண்டிருக்கும் புற்றுக் கலத்தை நடுவழியில் மறித்து, அதைத் தானாகச் சாகும் நிலைக்குத் தள்ளும் மருந்து. குருதிப் புற்றுநோய் வந்த எத்தனையோ பிள்ளைகள் இன்று உயிரோடு இருப்பதில் அந்தப் பூவுக்கும் பங்கு உண்டு.

"அப்படியென்றால் பட்டிப்பூ இலையை அவித்துக் குடிக்கலாமா?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த இலை நஞ்சு. பெருந்தொகை இலையிலிருந்து மிகச் சிறிய அளவு மருந்தைப் பிரித்து, ஆளின் நிறைக்கு அளந்து, குருதியைச் சோதித்துச் சோதித்துக் கொடுப்பதால்தான் அது மருந்து.

இதையே மற்றவற்றுக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. கருஞ்சீரகம், மஞ்சள், முள்ளுச்சீத்தா என்று எத்தனையோ செய்திகள் கைப்பேசியில் சுற்றுகின்றன. இவற்றிலிருந்து எடுத்த சில பொருட்கள் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுக் கலங்களைச் சாகவைத்தது உண்மை. தட்டு வேறு, மனித உடம்பு வேறு. கருஞ்சீரகத்தை நாங்களும் பரக்கத்தாகக் கருதிச் சாப்பிடுகிறோம். சிகிச்சையை நிறுத்திவிட்டு அதை மட்டும் சாப்பிடும்படி மார்க்கம் எங்களுக்குச் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடுவதும் சுன்னத்துத்தான்.

ஒவ்வொரு நோன்பு மாதமும் வரும் இன்னொரு செய்தி: "நோன்பு புற்றுநோயைக் கொல்லும் என்று கண்டுபிடித்த ஜப்பான்காரருக்கு நோபல் பரிசு". 2016 இல் யொஷினொரி ஒசுமிக்குப் பரிசு கிடைத்தது உண்மை. அவர் ஆராய்ந்தது மதுவத்தின் கலங்களை, மதுவம் என்றால் பாண் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட். பட்டினி கிடக்கும் கலம் தன் உள்ளே இருக்கும் பழைய சாமான்களைத் தானே உடைத்து மறுபடி பாவிப்பதைத்தான் அவர் விளக்கினார். அது கலம் பிழைத்திருக்கச் செய்யும் வேலை, கலம் சாகும் வேலையில்லை. நாங்கள் நோன்பு பிடிப்பது அல்லாஹ்வுக்காக. அதற்கு நோபல் பரிசின் சாட்சி தேவையில்லை. இல்லாத சாட்சியைச் சொல்வது நோன்புக்கு மரியாதையுமில்லை. கீமோ ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவர் டொக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்கவும் கூடாது. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

தெல்லிப்பழை

2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது குடாநாட்டிலிருந்து வெளியே போக ஆகாயமும் கடலும்தான் மிச்சம். மகரகமைக்குப் போய்ச் சிகிச்சை எடுக்கவேண்டிய ஒரு புற்றுநோயாளிக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. இந்த ஊர் அதைப் பார்த்திருக்கிறது.

யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டில், 2011 யூலையில், நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரண்டு நண்பர்கள் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடக்கத் தொடங்கினார்கள். சுமார் 670 கிலோமீற்றர், ஏறத்தாழ நான்கு வாரம். தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை கட்டக் காசு சேர்ப்பதற்காக. வழி நெடுகச் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நடந்தார்கள். உண்டியலில் சில்லறை போட்டவர்களும் உண்டு, பெருந்தொகை கொடுத்தவர்களும் உண்டு. அதன் பலன்தான் இன்று நமக்குப் பக்கத்தில் நிற்கும் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. 2016 இல் அதே கூட்டம் எதிர்த்திசையில், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நடந்தது. அந்தமுறை காலி கராப்பிட்டியவுக்காக.

இவ்வளவு பேர் நடந்து கட்டிய ஆஸ்பத்திரிக்கு நாம் எப்போது போகிறோம்? பலர் போவது கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு, சாப்பாடு இறங்காமல் போன பிறகு. "ஊர் என்ன சொல்லும், மகளின் கலியாணம் குழம்புமே" என்று மறைத்து மறைத்து, கடைசியில் காட்டும்போது டொக்டரின் கையில் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. புற்றுநோய் தொற்றுவதில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முகம் கழுவும்போதோ, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ வெளிக்கிடும்போதோ, கண்ணாடிக்கு முன்னால் வாயை நன்றாகத் திறந்து பாருங்கள்.

வெள்ளையாகவோ சிவப்பாகவோ தேய்த்தும் போகாத படலம் இருக்கிறதா?

இரண்டு, மூன்று கிழமை கடந்தும் மாறாத புண் இருக்கிறதா?

முன்பு போல வாயைத் திறக்க முடியாமல் இறுகுகிறதா? காரம் பட்டால் எரிகிறதா?

கழுத்தில் நோகாத கட்டி தெரிகிறதா?

ஒன்றாவது இருந்தால் அடுத்த நாளே பக்கத்து ஆஸ்பத்திரியில் பல் டொக்டரிடம் காட்டுங்கள். அந்தப் படலம் பெரும்பாலும் இன்னும் புற்றுநோயாகாத கட்டம். வெற்றிலையை, பாக்கை அன்றோடு நிறுத்தி, ஒழுங்காகக் காட்டி வந்தால் பலருக்கு அது புற்றாக மாறாமலே தடுக்கலாம். புற்றாகியிருந்தாலும் தொடக்கத்தில் பிடித்தால் சுகப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.

பழுத்தது தன் நேரத்தில் விழட்டும். அது படைப்பின் ஒழுங்கு, அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் விழ மறுத்த ஒரு கலத்துக்காக, நாற்பது வயதில், ஐம்பது வயதில், பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு தகப்பனோ தாயோ போகவேண்டியதில்லை. அதைத் தடுக்கும் அறிவு நம் கையில் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்கிறது.

வீட்டில் வெற்றிலைத் தட்டம் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவை வாசித்துக் காட்டுங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்கு, சுருட்டுக் கொட்டிலில் பத்திரிகை வாசித்தது போல, உரக்க வாசியுங்கள்.

நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக.